வியாழக்கிழமைத் தட்டு

3

சரீபுக்கு வெள்ளிக்கிழமை என்றால் மூன்றே வேலை. காலையில் இறைச்சிக் கடை, மத்தியானம் ஜும்மா, அது முடிந்ததும் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் குப்புறப் படுப்பது. இந்த மூன்றிலும் துப்பறிதல் எங்கேயும் கிடையாது. ஆனால் ஜெனூபாவின் உதவியாளனுக்கு ஏது வெள்ளி, ஏது பெருநாள்? சுபஹ் தொழுதுவிட்டு அவன் பாயைச் சுருட்டுவதற்குள் போன் வந்துவிட்டது. பத்தரை மணிக்கு அவனுடைய ஓட்டோ மருதமுனையில் ஒரு பச்சைக் கேட்டின் முன்னால் போய் நின்றது.

பின்னாலிருந்து இறங்கிய ஜெனூபாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பதினைந்து வருடம் எரிந்த கடை, மூழ்கிய தோணி எல்லாம் பார்த்துப் பழகியவள். தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சாம்பலை மோந்தே சொல்லிவிடுவாள். அந்த மூக்கை நம்பித்தான் இப்போது கல்முனையில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் விசாரணை நிலையம் என்று பலகை மாட்டியிருக்கிறாள். சரீப் அவளுக்குச் சாரதி, காவல், தூதன். அவள் கேட்காத ஆலோசனைகளுக்கும் அவன்தான் பொறுப்பு.

"ராத்தா, எனக்கு விளங்கிற மாதிரி ஒருக்காச் சொல்லுங்க," என்றான் சரீப். "இஞ்ச களவு போனது என்ன?"

"ஒண்டும் போகல்ல. வந்திரிக்கு."

"என்ன வந்திரிக்கு?"

"ஈயம்."

சரீப் தலையைச் சொறிந்தான். சாமான் காணாமல் போன வழக்குகளை அவன் பார்த்திருக்கிறான். கேட்காத சாமான் வந்து சேர்ந்ததற்கு ஒப்பாரி வைப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

விஷயம் இதுதான். அந்தப் பச்சைக் கேட்டுக்குள் கமீலா என்பவள் ஒரு பட்டறை வைத்திருக்கிறாள். அங்கே வலை விளக்கு செய்கிறார்கள். கடலில் வலை விரித்தால் அதன் முனையில் மிதக்கவிடுகிற, பகல் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் மினுங்குகிற சின்ன விளக்கு. ஐரோப்பாவில் ஒரு கம்பனி ஆயிரத்து இருநூறு கேட்டிருக்கிறது. ஆனால் அந்த ஊர்ச் சட்டம் பொல்லாதது. மின்சாதனத்தில் ஈயம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கரையிறக்கவே விடமாட்டார்கள். பழுதான விளக்கைக் குப்பையில் எறிந்தால் அந்த ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், கடைசியில் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். அதற்காகவே கமீலா போர்டில் உருக்கி ஒட்டவைக்கிற பற்றுக்கம்பியை ஈயம் கலக்காத, விலை கூடிய சாதியில் எடுப்பித்து, ஒன்பது வாரமாக அதில்தான் வேலை நடத்துகிறாள். அப்படியிருந்தும், மாதிரிக்கு அனுப்பிய பன்னிரண்டில் மூன்று விளக்கில் ஈயம் இருக்கிறது என்று நேற்றுப் பின்னேரம் அஸர் நேரத்தில் அறிக்கை வந்துவிட்டது.

பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்பவள் ஒருத்திதான். பெயர் அஸ்பியா. கமீலா அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பட்டறைக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அந்த அஸ்பியாதான் இன்று விடியற்காலை ஜெனூபாவின் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "வேலை போனாப் போகட்டும் ராத்தா. களவெடுத்தவ எண்டு என்ட பேர் அந்தக் கடிதத்தில போகக்கூடா," என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கடிதம் கமீலாவின் மடிக்கணினியில் தயாராகவே இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஈயம் எப்படி வந்தது, எந்தெந்த விளக்கில் வந்தது என்று கம்பனிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரத்து இருநூறும் பட்டறைக் கொட்டிலிலேயே கிடக்கும்.

"நீங்க வந்தது நல்லது," என்றாள் கமீலா. இரவு முழுக்கத் தூங்காத முகம். "பாருங்க. பாத்துட்டு நீங்களும் அஸ்பியா எண்டுதான் சொல்லுவீங்க. அந்த மூணு விளக்கிலயும் ஒட்டியிருக்கிற துண்டில திகதியப் பாத்தன். மூணும் வியாழக்கிழமை செஞ்சது. வியாழக்கிழமைல ஆரு இஞ்ச வாற? அவட காக்கா சப்ரி. தங்கச்சிய உம்மா வீட்ட கூட்டிப் போக வாற. அவன் என்ன தொழில் செய்யிற? வலைக்கு ஈயக் குண்டு வாக்கிற."

சரீப் மெல்ல விசிலடித்தான். இதைவிட நேராக ஒரு வழக்கை அவன் பார்த்ததில்லை. ஜும்மாவுக்கு முன்னே முடிந்துவிடும், புரியாணி சூட்டோடு கிடைக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டான்.

"எங்கட நல்ல கம்பியச் சப்ரிக்குக் குடுத்துட்டு, அவன்ட மட்டமான ஈயத்தில வேலைய முடிக்கிறா," என்று கமீலா கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒரு சுருளை எடுத்து நீட்டினாள். "இதுதான் நல்லது. ஈயமில்லாத ஈயம்."

"பாலில்லாத பால் தேத்தண்ணி மாதிரியா ராத்தா?" என்றான் சரீப்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழக்கம்தான்.

ஜெனூபா மேசையில் இருந்த தராசைப் பார்த்தாள். சுருள் நிறுக்கிற சின்னத் தராசு. "கமீலா, போன புதன்கிழமை செஞ்ச விளக்கு பத்து, போன வியாழக்கிழமை செஞ்சது பத்து, எடுத்துத் தாங்க."

புதன் பத்தை நிறுத்தாள். வியாழன் பத்தை நிறுத்தாள். திருப்பி ஒருமுறை நிறுத்தாள். வியாழன் நாலு கிராம் கூட. திங்கள், செவ்வாய் என்று மற்ற நாள்களையும் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். எல்லாம் புதன் கணக்கிலேயே நின்றன.

"நாலு கிராமில என்ன ராத்தா இரிக்கு?" என்றான் சரீப். "என்ட உம்மா கறிக்குப் போடுற உப்பில பத்தில ஒரு பங்கு."

"சரியாத்தான் சொன்ன. உன்ட உம்மா உப்பு மாத்திப் போட்டா கறி பாரமாகுமா?"

"பாரமாகாது."

"ஒருக்காப் போட்டத மறந்து ரெண்டாந்தரம் போட்டா?"

சரீப் தராசைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்ல கம்பிக்குப் பதிலா மட்டமானதப் போட்டிருந்தா நிறை பெருசா வித்தியாசப்படாது," என்றாள் ஜெனூபா. "இதில நல்லதும் இரிக்கு, அதுக்கு மேல இன்னொண்டும் இரிக்கு. அஸ்பியா அவட வேலைய ஒழுங்காச் செஞ்சிரிக்கா. அதுக்கு மறுகாத்தான் ஆரோ கை வெச்சிரிக்கிற."

கமீலா விடுவதாக இல்லை. "அந்த ஆரோ அவளா இரிக்கேலாதா? ஒரே ஆள் ரெண்டு தரம் வெக்கேலாதா?"

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடி ஜெனூபா சுவரோரம் போனாள். அங்கே மூடி போடாத, விளக்குக்கு உள்ளே இருக்கிற பச்சைப் போர்டுகள் மட்டும் ஒரு தட்டில் வரிசையாகக் கிடந்தன. நேற்றைய வேலை. மற்ற நாள்களில் என்றால் மறுநாள் காலையே மூடி பூட்டிவிடுவார்கள். வெள்ளி விடுமுறை என்பதால் வியாழக்கிழமைத் தட்டு மட்டும் சனி காலை வரை இப்படித் திறந்தபடி கிடக்கும்.

அவள் சோல்டரிங் அயனைச் சூடாக்கி இருநூறு பாகையில் நிறுத்தினாள். "சரீப், இதப் பாரு. ஈயம் கலந்தது இந்தச் சூட்டுக்கு உருகும். கலக்காதது அசையாது."

முதலில் போன வாரத்து வியாழன் விளக்கு ஒன்றைத் திறந்து அயன் முனையை வைத்தாள். பளபளவென்று இருந்த பொட்டு வெண்ணெய் மாதிரி இளகிவிட்டது. பிறகு நேற்றைய தட்டில் ஒன்று. மங்கலான சாம்பல் நிறப் பொட்டு. அயனை வைத்தபடி சரீப் இருபது எண்ணினான். அது கல்லுக் கணக்காக இருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தட்டு முழுக்கச் சுத்தம்.

"அப்ப நேத்துப் பின்னேரம் அஸ்பியா போகும் வரைக்கும் இதுகளில ஈயமில்ல," என்றாள் ஜெனூபா. "போன வாரத்து மாதிரித்தான் இந்த வாரமும் எண்டா, இது இனித்தான் வரும். இண்டைக்குத்தான் வரும். கமீலா, இண்டைக்கு இஞ்ச ஆரு வாற?"

"ஒருத்தரும் வரமாட்டாங்க. வெள்ளிக்கிழமை லீவு."

"திறப்பு எத்தின?"

"ரெண்டு. ரெண்டும் என்னட்டத்தான் இரிக்கு. அஸ்பியாட்ட இருந்தத நேத்து வாங்கிட்டன்."

"அப்ப ஜின்தான் வரணும்," என்றான் சரீப். "ஜின்னுக்குத் திறப்பு வேணா."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. ஜெனூபா அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே புரியாணி ஆறிப்போவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நீ ஜும்மாவுக்குப் போ. சப்ரி எங்க இரிக்கான் எண்டு பாத்து அவனுக்குப் பின் வரிசைச் சப்பில இரு. அவன் எழும்பினா நீயும் எழும்பு. நாங்க கமீலாட வீட்ட லுஹர் தொழுதுட்டு வாறம்."

பள்ளியில் சரீப் சப்ரியின் முதுகுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தான். குத்பா பொய்ச் சாட்சியைப் பற்றி. கமீலா கேட்டிருக்க வேண்டிய பிரசங்கம் என்று அவனுக்குப் பட்டது. பக்கத்து மனிதரிடம் அதைச் சொல்ல நாக்கு துடித்தது. குத்பா நேரத்தில் கதைக்கக்கூடாது என்பதால் கஷ்டப்பட்டு விழுங்கினான். பிரசங்கம் பாதி போவதற்குள் சப்ரியின் தலை ஒரு பக்கம் சாய்ந்து மெல்லிய குறட்டை வந்தது. ஈயக் குண்டு வார்க்கிற கை மடியில் விரிந்து கிடந்தது. களவு செய்கிறவன் இப்படித் தூங்குவானா என்று சரீபுக்கு அப்போதே சந்தேகம். தொழுகை முடியும் வரை சப்ரி இடத்தை விட்டு அசையவில்லை. முடிந்ததும் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நேரே உம்மா வீட்டுப் பக்கம் சைக்கிளை மிதித்தான்.

ஓட்டோவில் திரும்பி வந்த சரீப் ஒழுங்கை முனையில் பிரேக் போட்டான். பச்சைக் கேட் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. கைப்பிடியில் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது.

ஜெனூபாவும் கமீலாவும் அதே நேரம் வீட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து, கருவாடு காயப்போட்ட மாதிரி விளக்குகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. கொட்டிலுக்குள்ளிருந்து பற்றுக்கம்பி உருகுகிற பிசின் வாசம் வந்தது. ஜெனூபாவின் மூக்கு விரிந்தது. சரீப் கையை மடக்கிக்கொண்டு முன்னால் போனான். உள்ளே இருப்பவன் கத்தி வைத்திருந்தால் என்ன செய்வது என்று அவன் யோசித்திருந்தால் பின்னால் போயிருப்பான்.

உள்ளே, அஸ்பியாவின் கதிரையில், கண்ணாடியை நுனி மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மெல்லப் பாடியபடி வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு கையில் அயன். மறு கையில், சட்டைப் பையிலிருந்து நீண்டு வந்த பழைய ஈயக் கம்பி. வியாழக்கிழமைத் தட்டு அவர் முன்னால் இருந்தது. அதில் ஏழெட்டுப் போர்டு இப்போது மினுமினுத்தது.

"நல்லரெத்தினம் அண்ணன்," என்றாள் கமீலா.

அவர் திடுக்கிட்டு எழும்பினார். கையும் களவுமாகப் பிடிபட்டவரின் முகம்தான். ஆனால் திருடனின் முகமில்லை, பெருநாளுக்கு ஒளித்து வைத்த பரிசை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்களே என்கிற முகம்.

"இவர் ஆரு?" என்று கேட்டாள் ஜெனூபா.

"பாண்டிருப்பில இரிக்கார். முந்தி ரேடியோ திருத்தினவர். கிழமைக்கு ஒருக்கா விளக்குகள உச்சி வெயில்ல வெச்சு, சரியாச் சார்ஜ் ஏறுதா எண்டு பாக்கிறவர்."

"கிழமைக்கு ஒருக்கா எண்டா எண்டைக்கு?"

கமீலா தயங்கினாள். "வெள்ளிக்கிழமை."

"திறப்பு?"

"அவர்ட்ட ஒண்டு இரிக்கு." கமீலாவின் குரல் இறங்கிவிட்டது. "அது வெயில் திறப்பு. அத நான் திறப்பு எண்டு யோசிக்கல்ல. வெயில்ல வெக்கிறத வேலை எண்டும் யோசிக்கல்ல."

ஊரே ஜும்மாவுக்குப் போயிருக்கிற நேரத்தில், ஜும்மா இல்லாத ஒரே மனிதர் திறப்போடு வந்து போகிறார். வெள்ளி என்றாலே விடுமுறை என்று பழகிப்போன கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. ஜின்னைத் தேடிய தனக்கும் அதே கண்தான் என்று சரீபுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"அண்ணன், இத ஏன் செய்யிறீங்க?" என்று ஜெனூபா பக்குவமாகக் கேட்டாள்.

நல்லரெத்தினம் கமீலாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "மேடம், அந்தப் பிள்ளைய ஏசப்படா. அப்பிடியெண்டாத்தான் சொல்லுவன்."

"சொல்லுங்க."

"அஸ்பியா தங்கச்சிட கை நல்ல கை. ஆனா இந்த ரெண்டு மாசமா அவட ஒட்டு சரியா வரல்ல. மங்கிப்போய்க் கிடக்கு. என்ட தொழில்ல மங்கின ஒட்டு எண்டா சூடு பத்தாத ஒட்டு. கடல்ல ஒரு ஆட்டு ஆட்டினா விட்டுரும். நீங்க கண்டா ஏசுவீங்க, வேலையால நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவீங்க எண்டு பயந்துதான், கிடக்கிறதில மோசமானதுகள என்ட ஈயத்தில ஒரு பொட்டு வெச்சுப் பளபளப்பாக்கி விடுறன். அவவுக்கும் சொல்லல்ல. சொன்னா மனம் நோகும்."

சரீபுக்குக்கூடப் பகிடி வரவில்லை.

"புதுக் கம்பி மங்கலாத்தான் காயும் அண்ணன்," என்றாள் ஜெனூபா. "அதுதான் அதிட நல்ல ஒட்டு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா?"

"கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்து படிப்பிச்சவதான். மேடத்திட வீட்டு மண்டபத்தில, உள்ளுக்குப் பொம்பிளையள். நான் ஒரு ஆம்பிள எண்டு வெளிய விறாந்தையில இருந்தன். சாப்பாட்டுப் பார்சல் வெளிய வந்திச்சு. பாடம் வரல்ல."

கமீலா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தத் தங்கச்சி இண்டைக்கு வரல்லையா?" என்று நல்லரெத்தினம் கேட்டார். சரீப்தான் சொல்ல வேண்டியதாயிற்று. ஈயம், அறிக்கை, திறப்பு, கடிதம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கையிலிருந்த அயனை அணைத்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய சுருளை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ட பேரப் போடுங்க மேடம்," என்றார். "அவட பேரக் காப்பாத்தப் போய் நானே கெடுத்துட்டன்."

மூன்று மணிக்குச் சரீப் அஸ்பியாவைக் கூட்டிவந்தான். ஓட்டோவில் வரும்போதே முழுக் கதையும் சொல்லிவிட்டான். சப்ரியின் குறட்டையையும் நடித்துக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது, வீதிப் பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சிரித்தாள். உள்ளே வந்ததும் தட்டை இழுத்து, மினுங்கிய போர்டுகளை ஒவ்வொன்றாக வேறாக்கி வைத்தாள். எட்டு. அயன் தேவைப்படவில்லை, அவளுக்குத் தன் ஒட்டு எது என்று கண்ணாலேயே தெரிந்தது.

"இதே மாதிரி வியாழக்கிழமை விளக்கு எல்லாத்தையும் பிரிச்செடுத்தாச் சரி," என்றாள் ஜெனூபா. "மற்ற நாள்ள செஞ்ச விளக்கு போகலாம். கம்பனிக்கு எப்பிடி வந்தது, எதில வந்தது எண்டு ரெண்டுக்கும் பதில் இரிக்கு. ஐஞ்சு மணிக்கு முதல் எழுதி முடிக்கலாம்."

நல்லரெத்தினம் அஸ்பியாவின் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் தங்கச்சி, மங்கலாத்தான் இரிக்கணும் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் அண்ணன்." அவள் குரலில் கோபம் இல்லை. பிறகு மெல்லத் திரும்பிக் கமீலாவைப் பார்த்தாள். "நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பன் ராத்தா."

கமீலாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் அஸ்பியாவுக்கு முன்னால் வைத்தாள். அஸ்பியா அதைத் தொடவில்லை. கண் மடிக்கணினியில் இருந்தது.

கமீலாவுக்கு விளங்கிவிட்டது. திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி, அஸ்பியாவின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் நல்லரெத்தினத்தின் பெயரைத் தட்டத் தொடங்கினாள்.

"அவர்ர பேர் என்னத்துக்கு?" என்றாள் ஜெனூபா. "பாடம் கிடைக்காதவர்ர பேரில்ல அங்க வரவேண்டியது."

கமீலா தட்டிய எழுத்துகளை அழித்தாள். புதிய பற்றுக்கம்பியைப் பற்றிப் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கத் தவறியது தான்தான் என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள்.

அஸ்பியா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் திறப்பை எடுத்தாள்.